ராக்கெட் வண்டி என்று சொன்னார்கள்

எனக்குக் கோபம் பொசுக்கென்று வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததை நிதானமாகச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். முடியுமா என்று தெரியவில்லை.

திருச்செங்கோட்டில் எங்களுக்கு ஒரு கடை. போர்வெல் வண்டிகளில் பாறையைத் துளைக்கிற பிட்டுகளைத் தீட்டிக் கொடுப்போம், ஹோஸ், கப்ளிங் விற்போம். மெஷினில் என் வீட்டுக்காரர், கல்லாவில் நான். கடனுக்குக் கேட்டு வருகிறவன் என் முகத்தைப் பார்த்ததும் பாதி வழியிலேயே திரும்பிவிடுவான் என்று என் தம்பி கிண்டல் செய்வான். அவன் ரிக் டிரில்லர். ஆந்திரா, ராஜஸ்தான் என்று போய்ப் போய், கடைசியில் கடல் தாண்டிப் போனான். எங்கள் ஊரில் இது அதிசயமில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஆப்பிரிக்காவில் போர்வெல் போட்டுக்கொண்டிருக்கிறார் என்பதை, அவர் ஈரோட்டுக்குப் போயிருக்கிறார் என்கிற மாதிரிதான் சொல்வோம்.

அவன் போன நாட்டின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் உடனே நீங்கள் எந்தப் பக்கம் என்று கேட்பீர்கள். நான் என் தம்பி பக்கம்.

ரிக் வண்டியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அது ஒரு பெரிய லாரி. அதன் முதுகில் இரும்புக் கோபுரம் ஒன்று படுத்திருக்கும். மாஸ்ட் என்போம். துளை போடும்போது அது எழுந்து நேராக நிற்கும், வேலை முடிந்ததும் மறுபடி படுத்துக்கொள்ளும். பக்கத்தில் இன்னொரு லாரி, அதில் ராடுகளும் பைப்புகளும் அடுக்கியிருக்கும். அதற்குச் சப்போர்ட் லாரி என்று பெயர். இரண்டு லாரிக்கும் நடுவில் தார்ப்பாய் கட்டிச் சமையல், சாப்பாடு, தூக்கம் எல்லாம். வருஷத்தில் முக்கால்வாசி என் தம்பியின் வீடு அந்தத் தார்ப்பாய்தான். அவனும், சப்போர்ட் லாரி ஓட்டுகிற தம்மம்பட்டிக்காரர் ஒருவரும் மட்டும் நம் ஆட்கள். மற்ற எல்லாரும் அங்கே பக்கத்து ஊர்களில் சேர்த்துக்கொண்டவர்கள்.

அவன் போன புதிதில் அந்தப் பக்கம் அமைதியாக இருந்தது. பிறகு அந்த நாட்டுக்குள்ளேயே சண்டை மூண்டது. ரிக் ஓனர் திரும்பி வரச் சொன்னார். நானும் வரச் சொன்னேன், திட்டியே சொன்னேன். அவன் கேட்கவில்லை. "குட்டைத் தண்ணியைக் குடிக்கறாங்க்கா. மாடும் அதுலதான் எறங்குது, பொம்பளைகளும் அதுலதான் மொள்றாங்க. இன்னும் ஏழெட்டு ஊருதான் பாக்கி. முடிச்சுப்போட்டு வாரேன்" என்றான். அந்த ஏழெட்டு ஊரும் எனக்கு என்ன உறவு என்று அன்றைக்குக் கேட்டேன். இப்போது கேட்க மாட்டேன்.

சண்டையைப் பற்றி அவன் போனில் சொன்னதைக் கேட்டுத்தான் எனக்கு அந்த நாட்டு அதிபரைத் தெரியும். தரையில் அவருடைய பட்டாளம் தோற்றுக்கொண்டே வந்தது. ஒவ்வொரு ஊராக விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். சிப்பாய்களுக்குக் காலில் போட பூட்ஸ் கூட இல்லை, எங்கள் வண்டிக்கு வந்து டீ கேட்டுக் குடிப்பார்கள் என்றான். ஆனால் விமானங்கள் மட்டும் நிறைய இருந்தன. வேறொரு நாட்டுக்காரன் படையெடுத்து வந்தால் தடுப்பதற்காக வாங்கியவையாம். அவற்றைத் தன் ஜனங்கள் மேலேயே பறக்கவிட்டார். அதுவும் சண்டைக்குத் தேவைப்பட்ட நேரத்தில் இல்லை. அவர் டிவியில் பேசப் போகிற நாளில்தான் விமானங்கள் வரும். எங்கேயோ ஒரு மொட்டை மலையில் குண்டு விழும். ராத்திரி அவர் பேசும்போது அந்தப் புகையைக் காட்டுவார்கள்.

"இன்னைக்குப் பெரியவரு பேசறாரு போலருக்குது, காலையிலிருந்தே சத்தம்" என்று தம்பி சிரிப்பான். அந்த ஊர்க்காரர்களும் அப்படித்தான் கண்டுபிடிப்பார்களாம். முதலில் விமானம், பிறகு பேச்சு. தரையில் தோற்றதை வானத்தில் ஜெயித்ததாகக் காட்டினால் போதும், பார்க்கிறவன் தலையை அண்ணாந்துகொண்டு தரையை மறந்துவிடுவான். இதற்குப் படிப்பு வேண்டியதில்லை, கூச்சம் இல்லாமல் இருந்தால் போதும்.

அந்தப் பகுதிக்குப் பொறுப்பான ராணுவ அதிகாரி ஒருவர் என் தம்பியோடு நன்றாகப் பழகினார். அவர்தான் ஒரு நாள் சொன்னாராம், துளை போடாத நேரத்தில் மாஸ்ட்டைப் படுக்க வைத்துவிடுங்கள், மேலிருந்து பார்த்தால் ராக்கெட் ஏவுகிற வண்டி மாதிரி தெரியும் என்று. அன்றிலிருந்து தம்பி அதைத் தவறாமல் செய்தான். கடைசி ராடைக் கழற்றியதும் மாஸ்ட்டை இறக்கிவிட்டுத்தான் கை கழுவுவானாம்.

ஆயுத பூஜை வந்தது.

ரிக் தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தீபாவளியைவிட அது பெரிய நாள். வண்டியைக் கழுவி, மாஸ்ட்டை முழுசாக எழுப்பி நிறுத்தி, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்துப் பூசணிக்காய் உடைப்போம். அன்றைக்கு முழுவதும் மாஸ்ட் நின்றபடிதான் இருக்கும். பூஜை நாளில் படுக்க வைத்த ரிக்கை நான் எங்கள் ஊரில் பார்த்ததே இல்லை. சாயங்காலம் ஈச்சங்காட்டு மேட்டிலிருந்து பார்த்தால் ஊர் முழுக்க மாஸ்ட்டுகள் நிற்கும், சீரியல் லைட் மின்னும்.

அன்றைக்கு மத்தியானம் அவன் வீடியோவில் கூப்பிட்டான். வாழைக்கன்று எங்கிருந்தோ பிடித்துவிட்டான். பூசணிக்காய் கிடைக்காமல் ஏதோ ஒரு காட்டுக் காயைக் காட்டினான். வண்டியைச் சுற்றிச் சுற்றிக் காட்டினான். மாஸ்ட் நிமிர்ந்து நின்றது.

"மாஸ்ட்டை எறக்கச் சொன்னாங்கன்னியேடா" என்றேன்.

"இன்னைக்கு ஒரு நாள் நிக்கட்டும்க்கா. சாமி கும்பிடற அன்னைக்குப் படுக்கப் போட்டா நல்லாவா இருக்கும்? நேத்தே அந்த ஆபீசர்கிட்டச் சொல்லிப்போட்டேன். பொரி திங்க வாரேன்னிருக்கறாரு."

சரி என்றேன். வேறு என்ன சொல்வேன்? எங்கள் கடை வாசலிலும் மெஷினுக்கு மாலை போட்டிருந்தோம்.

மறுநாள் விஜயதசமி. காலையில் கடை திறந்து புதுக்கணக்குக்கு ஒரு பிட்டைத் தீட்டிக்கொண்டிருந்தார் என் வீட்டுக்காரர். எங்கள் தெருக்காரர்களின் வாட்ஸப் குரூப்பில் ஒரு வீடியோப் படம் வந்தது. தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பவர் அனுப்பியிருந்தார், கை தட்டுகிற பொம்மைகளோடு. எந்த நாட்டுச் சண்டை என்றுகூட அவருக்குத் தெரியாது. விமானம் மேலிருந்து குறி பார்த்து அடிக்கிற படம், பார்க்க நன்றாக இருந்ததாம். பிற்பாடு வீட்டுக்கு வந்து தலையைக் குனிந்துகொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நான் அவரை ஒன்றும் சொல்லவில்லை. நம்மில் பாதிப் பேர் கை தட்டுகிற ஆட்கள்தான்.

கறுப்பு வெள்ளைப் படம். நடுவில் ஒரு கட்டம். கட்டத்துக்குள் ஒரு வண்டி, அதன் முதுகில் உயரமாக ஒன்று நின்றது. அடியில் இரண்டு பக்கமும் ஏதோ கட்டியிருந்தது. பக்கத்தில் இன்னொரு லாரி, அதில் குழாய்கள் அடுக்கியிருந்தன. நடுவில் தார்ப்பாய். வெள்ளைப் புள்ளிகளாகச் சில ஆட்கள். ஒரு புள்ளி குனிந்து தரையிலிருந்து எதையோ எடுத்தது. இன்னொன்று சக்கரத்தின் ஓரமாக உட்கார்ந்தது. பிறகு படம் முழுக்க வெளுத்துப்போனது.

படத்தின் மேல் ஓடிய அந்த நாட்டு எழுத்து எனக்குப் படிக்கத் தெரியாது. படிக்க வேண்டியும் இருக்கவில்லை. எங்கள் ஊரில் ஒண்ணாங்கிளாஸ் படிக்கிற பிள்ளையிடம் அதைக் காட்டினால் போர்வெல் வண்டி என்று சொல்லும். ராக்கெட் விடுகிறவன் வாழைக்கன்று எதற்குக் கட்டுகிறான்? அந்தப் புள்ளிகளில் எது என் தம்பி என்று பார்த்துப் பார்த்து, என் வீட்டுக்காரர் கையிலிருந்து போனைப் பிடுங்கும்வரை ஓட்டிக்கொண்டே இருந்தேன்.

முந்தின நாள் ராத்திரி அந்த நாட்டு அதிபர் அதே படத்தைக் காட்டிப் பேசியிருக்கிறார். எதிரிகளின் ராக்கெட் ஏவும் வண்டியை எங்கள் வீரர்கள் ஒழித்துவிட்டார்கள், ஏவ இருந்தவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை என்று. நின்று பேசினாராம். கேட்டவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்களாம்.

ஒருவர் மிஞ்சியிருந்தார். தம்மம்பட்டிக்காரர். பூஜைப் பொரியை ஊருக்குள் கொடுத்துவிட்டு வரச் சொல்லி என் தம்பி அவரை அனுப்பியிருந்தான். திரும்பி வரும் வழியில் சத்தம் கேட்டிருக்கிறது. அவர் எப்படியோ ஊர் வந்து சேர்ந்து, நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். என் தம்பி பெண்டாட்டியையும் கூட்டிவந்து உட்கார வைத்தேன். அவள் மோகனூர்ப் பெண். அதிர்ந்து பேச மாட்டாள். பத்தாவது படிக்கிற மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அந்த ஆபீசர் பொரி தின்னாரும்மா" என்றார் அவர். "நெத்தியில சந்தனம் வச்சுக்கிட்டாரு. சாயங்காலம் நான் ஓடி வந்து பாத்தப்ப ஒண்ணுமே இல்ல. கொஞ்ச நேரத்துல அவரு ஜீப்புல வந்தாரு. தொப்பி இல்ல. அப்பவும் சந்தனம் நெத்தியில அப்படியே இருந்துச்சு. எங் கையப் புடிச்சுக்கிட்டு அழுதாரு."

"என்ன சொன்னாரு?" என்றேன்.

"தலைநகரத்துலேர்ந்து மத்தியானமே கேட்டாங்களாம், அங்க என்ன நிக்குதுன்னு. கெணறு வெட்டுறவங்க, எனக்குத் தெரிஞ்சவங்கன்னு சொல்லியிருக்காரு. சாயங்காலம் திரும்பக் கேட்டிருக்காங்க. இப்பதான் அங்க சாப்புட்டுட்டு வந்தேன்னு சொல்லியிருக்காரு. அதுக்கு அவங்க, நீ சாப்பிட்ட கதை வேண்டாம், உசரமா ஒண்ணு நிக்குதா இல்லையா, அத மட்டும் சொல்லுன்னாங்களாம். நிக்குதுன்னு சொன்னாராம். வேற என்ன சொல்ல முடியும்?"

அந்த வாரம் ஒரு பெரிய ஊர் அதிபரின் கையைவிட்டுப் போயிருந்தது. மொட்டை மலையில் புகையைக் காட்டிக் காட்டி ஜனங்களுக்கும் சலித்துப்போயிருந்தது. ராத்திரிப் பேச்சுக்கு ஏதாவது உயரமாக நிற்கிற ஒன்று வேண்டியிருந்தது. தெரியாமல் அடித்துவிட்டார்கள் என்றால்கூட என் மனசு எப்படியாவது ஆறும். கேட்டுத் தெரிந்துகொண்டு அடித்தார்கள். அதுதான் இன்னும் எரிகிறது.

எங்கள் கடைக்கு வருகிறவர்களில் விமானப்படையில் இருந்து ரிட்டயர் ஆன ஒருவர் உண்டு. விமானங்களுக்குத் தரையில் வேலை பார்த்தவர். துக்கம் கேட்க வந்தார். "ஓட்டறவனுக்கு மேலயிருந்து ஒண்ணும் தெரியாதுங்க அம்மிணி. இதான் குறின்னு குடுப்பாங்க, போவான். போடறதுக்கு முன்னால இன்னொருக்கா பாக்கறதுக்குன்னு நேரம் ஒதுக்கி வெச்சிருப்பாங்க. வேண்டாமுன்னு சொல்றதுக்கு ஆளும் இருக்கும். பதவியில இருக்கறவன் தன் அவசரத்துக்கு அந்த ரெண்டையும் எடுத்துப்போட்டான்னா, அப்பறம் எத்தனை நல்ல விமானமா இருந்தும் என்ன பண்றதுங்க" என்றார். எனக்கு அவர் மேலும் கோபம் வந்தது. ஓட்டினவனுக்காகப் பேச வந்தீர்களா என்று கேட்டுவிட்டேன். அவர் டீயைக் குடித்துவிட்டுப் போனார். அவர் சொன்னது சரி என்று எனக்கே தெரியும்.

ஊரில் ஆளாளுக்குப் பேசினார்கள். அன்றைக்கு ஒரு நாள் மாஸ்ட்டை இறக்கி வைத்திருந்தால் பிழைத்திருப்பான் என்றார்கள். இழவு வீட்டில் காப்பியைக் குடித்துக்கொண்டே சொன்னார்கள். தனக்குச் சோறு போடுகிற வண்டிக்குப் பொட்டு வைத்தவன் மேல் குற்றம். குண்டு போடச் சொன்னவன் எங்கேயோ தூரத்தில் இருப்பதால் அவனை விட்டுவிடலாம். அப்படிச் சொன்ன சொந்தக்காரர் ஒருவரை எழுந்து வெளியே போங்கள் என்றேன். போய்விட்டார்.

உடம்பு வரவில்லை. எதிரியின் உடம்பை எப்படித் தருவது என்று அங்கே கேட்டார்களாம். அந்த இடத்தில் இந்தியர் யாரும் சாகவில்லை, செத்தவர்கள் எல்லாரும் ராக்கெட் விட வந்தவர்கள் என்றே சாதித்தார்கள். அதிபர் டிவியில் சொன்ன பிறகு அதை யார் மாற்றுவது?

பிறகு ஒரு நாள் காலையில் ரிக் ஓனர் வந்தார். நல்ல மனுஷர். என் தம்பி அவரிடம் கைப்பையனாகச் சேர்ந்து டிரில்லர் ஆனவன். அவர் கண்ணும் வீங்கித்தான் இருந்தது. அந்த அரசாங்கத்தின் ஆள் ஒருவர் பேசினாராம். படத்தில் இருப்பது வேறு இடம் என்றும், எங்கள் வண்டி நின்ற இடத்தில் ரிக்குக்குக் காற்றடிக்கிற கம்ப்ரஸர் வெடித்து விபத்து நடந்தது என்றும் நாம் ஒத்துக்கொண்டால் உடம்பை அனுப்பிவிடுவார்களாம். எழுத்து ஒன்றும் வேண்டாம். பெண்டாட்டி வீடியோவில் அந்த ஆளிடம் தன் வாயால் சொன்னால் போதும், அவர்கள் பதிவு பண்ணிக்கொள்வார்கள்.

நான் குதித்தேன். என்ன பேசினேன் என்று முழுசாக நினைவில்லை. என் தம்பி தினமும் காலையில் கம்ப்ரஸர் ஹோஸைத் தொட்டுப் பார்க்காமல் சாவி போடாதவன். ஒரு டிரில்லரைக் கம்ப்ரஸர் வெடித்துச் செத்தான் என்று சொன்னால், தன் வண்டியைப் பார்க்கத் தெரியாதவன், கூட வேலை செய்தவர்களையும் சேர்த்துக் கொன்றவன் என்றுதான் எங்கள் ஊரில் அர்த்தம். அதை அவன் பெண்டாட்டி வாயாலேயே சொல்லச் சொல்கிறார்கள். ஓனர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டார். தம்பி பெண்டாட்டி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நாளைக்குக் கூப்பிடுவார்கள் என்று சொல்லிவிட்டு ஓனர் போனார்.

மறுநாளுக்குள் நான் உடைந்துவிட்டேன். விடிந்ததிலிருந்து அவன் முகம்தான் கண்ணில் நின்றது. அந்த முகத்தைப் பார்க்க வேண்டும், கையைத் தொட வேண்டும், நம் மண்ணில் எரிக்க வேண்டும். வேறு எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. அவளிடம் போய்க் கெஞ்சினேன். "சொல்லீரு அம்மிணி. அவனுக்குத் தெரியும், நமக்குத் தெரியும். வாய் வார்த்தைதானே, சொல்லிப்போட்டு என்ற கூடப்பொறந்தவனை ஊட்டுக்குக் கொண்டாந்தரலாம்" என்றேன். முந்தின நாள் அத்தனை பேச்சுப் பேசியவள் நான்தான்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஓனரின் போனில்தான் பேசினார்கள். கோட்டுப் போட்ட ஆள், மரியாதையாகத்தான் பேசினான். அவன் இங்கிலீஷில் சொன்னதை ஓனர் தமிழில் சொன்னார். துயரத்தில் பங்குகொள்கிறானாம். அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு போனை நேராகப் பார்த்தாள்.

"என்ற ஊட்டுக்காரரு உங்க ஊருக்குத் தண்ணி எடுத்துக் குடுக்க வந்தவருங்க. கம்ப்ரஸர் வெடிக்கலைங்க. உங்க விமானம் போட்ட குண்டுதானுங்க. கெணறு வெட்டறவங்கன்னு உங்க ஆபீசரே சொல்லியிருக்கறாருங்க. தெரிஞ்சேதான் போட்டீங்க."

ஓனர் அதை இங்கிலீஷில் சொல்லத் தயங்கினார். "அப்படியே சொல்லுங்கண்ணா" என்றாள். அவர் சொன்னார். படம் அணைந்துவிட்டது.

நான் அழுதேன், அவளையும் திட்டினேன். உனக்கென்ன, எனக்குக் கூடப்பிறந்தவன் அவன் ஒருவன்தானே என்றெல்லாம் கேட்டேன். அவள் கோபப்படவில்லை. "உடம்பு வந்தா ஒரு நா அழுது எரிச்சுப்போடுவோம் அண்ணி. அப்பறம் எம் புள்ள ஆயுசுக்கும் தன்ற அப்பன் வண்டியைச் சரியாப் பாக்காமச் செத்தவன்னு கேட்டுட்டு இருக்கோணுங்களா?" என்றாள். மகள் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

உடம்பு வரவே இல்லை. செத்தவர்கள் எல்லாரையும் ராணுவ முகாமின் வேலிக்குள் ஒரே குழியில் போட்டுவிட்டார்கள் என்று தம்மம்பட்டிக்காரருக்கு அங்கிருந்து யாரோ சொன்னார்களாம். கூட வேலை செய்த அந்த ஊர்க்காரப் பிள்ளைகளின் அம்மாக்களுக்கும் அதே கதிதான். அவர்களுக்காகக் கேட்க அங்கே யாருமில்லை.

சொந்தக்காரர்கள் கூடிப் பேசினார்கள். போட்டோவை வைத்தாவது மோகனூரில் காவிரிக் கரையில் காரியத்தைச் செய்துவிட வேண்டும், தாலியை வாங்கிவிட வேண்டும் என்றார்கள். எத்தனை நாளைக்கு இப்படி என்றார்கள். அவள் கழுத்தை ஒருவரும் தொடக்கூடாது என்றுவிட்டாள். "அந்த அதிபரு எங்க நின்னு பேசுனாரோ, அங்கயே நின்னு, இவரு கெணறு வெட்ட வந்தவருன்னு சொல்லட்டுங்க. அன்னைக்கு நானே கழட்டிக் குடுக்கறேன்" என்றாள். பொட்டும் தாலியுமாகவே கடைத்தெருவுக்குப் போகிறாள், வருகிறாள். பார்க்கிறவர்கள் பேசத்தான் செய்கிறார்கள். என் காதில் விழுகிற மாதிரிப் பேசினால் என்ன ஆகும் என்று எங்கள் தெருவுக்குத் தெரியும்.

இப்போது அவள் எங்கள் கடையில்தான் இருக்கிறாள், கல்லாவில் பாதி நேரம் அவள்தான். அந்த அதிபர் இன்னும் பதவியில் இருக்கிறார், இன்னும் பேசுகிறார். ஒவ்வொரு பேச்சும் போனில் வந்துவிடுகிறது. அவள் ஒன்றைக்கூட விடுவதில்லை. பாஷை தெரியாது. கிணறு என்பதற்கு அந்த ஊரில் என்ன வார்த்தை என்று என் தம்பி அவளுக்குச் சொல்லியிருக்கிறான். அந்த ஒரு வார்த்தைக்காக முழுப் பேச்சையும் கேட்பாள்.

போன வாரம் மத்தியானம் சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன். போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் ஏதேதோ பேசினார். அந்த வார்த்தை வரவில்லை. கடைசியில் மறுபடி ஒரு கறுப்பு வெள்ளைப் படம் போட்டார்கள். கட்டத்துக்குள் உயரமாக என்னவோ நின்றது, என்னவென்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. அதன் நிழலில் ஒரு வெள்ளைப் புள்ளி மெதுவாக நடந்து போய்க்கொண்டிருந்தது.

அவள் அந்தப் புள்ளியின் மேல் விரலை வைத்தாள்.

"இது யாரு ஊட்டுக்காரரோ அண்ணி" என்றாள்.